பிள்ளையை முதன்முதலாக நடன வகுப்புக்குக் கூட்டிப் போகிறீர்களா?

முதல் நாள் பிள்ளை ஆடாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வெசனம் குறையும். வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதும் சோபா மேல் ஏறிக் குதிக்கிற இரண்டரை வயதுப் பிள்ளை, வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றியதுமே அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். உள்ளே போனாலும் சுவரோரம் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கும். முக்கால் மணி நேரமும் அப்படியே முடிந்து போகலாம். பிறகு மூன்றாம் நாள் குளிக்க வைக்கும்போது, டீச்சர் தட்டிய அதே தாளத்தில் வாளித் தண்ணீரைத் தட்டும். சுவரோரம் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது பாடம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு 'பேபி பேட்ச்' வைத்திருக்கும் நடன வகுப்புகள் உண்டு. இரண்டு வயது முதல் நாலரை வயது வரை உள்ள பிள்ளையை முதல் தடவையாகக் கூட்டிப் போகும் வீட்டாருக்காக இதை எழுதுகிறோம்.

எந்த வயதுக்கு எது

இரண்டு வயதை ஒட்டி, இரண்டு காலையும் சேர்த்துத் தரையிலிருந்து எம்பிக் குதிக்கப் பிள்ளை பழகும். மூன்று வயதில் ஒற்றைக் காலில் ஓரிரு நொடி நிற்கும். நொண்டியடிப்பது நாலு வயது வாக்கில்தான் வரும். ஒரு காலில் தத்தி மறு காலுக்கு மாறிக்கொண்டே ஓடுவது ஐந்து வயது வேலை. வகுப்பில் சொல்லித்தருவது இந்த வரிசைக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளையை ஒற்றைக் காலைத் தூக்கி நடராஜர் மாதிரி நிற்கச் சொன்னால், விழும். அதில் பிள்ளையின் குறை எதுவும் இல்லை.

வகுப்புகள் பொதுவாக மூன்று வகை. அம்மாவோ அப்பாவோ கூடவே இருந்து ஆடும் வகுப்பு ஒன்று. இரண்டு முதல் மூன்று வயதுக்கு இதுதான் சரி. பெற்றோர் வெளியே உட்கார, பிள்ளைகள் மட்டும் உள்ளே இருக்கும் வகுப்பு இன்னொன்று. மூன்றரை வயதுக்கு மேல் பார்க்கலாம். மூன்றாவது, பெரிய பிள்ளைகளின் பரதநாட்டிய வகுப்பிலோ சினிமாப் பாட்டு நடன வகுப்பிலோ "இவளும் ஓரமா நிக்கட்டுமுங்" என்று நிறுத்திவைப்பது. இந்த மூன்றாவது வேண்டாம். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தங்கச்சியும் கற்றுக்கொள்வாள் என்பது உண்மைதான். ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வீசி ஆடும் கையும் காலும் சரியாகச் சின்னதின் முகத்து உயரத்தில் வரும்.

பரதநாட்டியத்தை முறையாகத் தொடங்க ஐந்து வயது ஆகட்டும். ஆறு ஆனாலும் தாமதம் ஒன்றுமில்லை. காரணம் அரைமண்டி. முட்டியைப் பக்கவாட்டில் விரித்து மடக்கி நிற்கும் அந்த நிலைக்குத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். சின்னப் பிள்ளையால் அங்கிருந்து திருப்ப முடியாது. டீச்சரைத் திருப்திப்படுத்த முட்டியையும் கணுக்காலையும் திருகிக்கொள்ளும். அந்தத் திருகல் பழகிவிட்டால் பத்து வயதில் திருத்துவது பெரும்பாடு. அதுவுமின்றி, இரண்டு வயது வரை பிள்ளைகளின் கால் வில் போல வளைந்திருக்கும், மூன்று நான்கு வயதில் முட்டி இரண்டும் உள்பக்கமாக ஒட்டும், ஏழு வயதை ஒட்டித்தான் நேராகும். உள்ளங்காலின் குழிவும் ஆறு வயது வாக்கில்தான் தெளிவாகத் தெரியும். இதெல்லாம் இயல்பான வளர்ச்சி. "கால் கோணலா இருக்கு, டான்ஸ்ல போட்டா நேராயிரும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுச் சேர்க்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, நொண்டி நடந்தாலோ, வலி என்று சொன்னாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

அரசு இடங்களில் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 வயது முதல் 16 வயது வரைதான் சேர்ப்பார்கள். ஈரோடு, சேலம், கரூரில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதநாட்டியம் உண்டு, ஆனால் 12 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே இந்தச் சின்ன வயதுக்குத் தனியார் வகுப்பைத்தான் பார்த்தாக வேண்டும். பார்த்துச் சேர்க்க வேண்டிய பொறுப்பும் முழுக்க உங்களுடையது.

பிள்ளை இல்லாமல் ஒரு தடவை

சேர்ப்பதற்கு முன், பிள்ளையை அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ விட்டுவிட்டு, வகுப்பு நடக்கிற நேரத்தில் நீங்கள் மட்டும் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். "பார்க்க விடமாட்டோம்" என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

முதலில் தரை. நம் பக்கம் பெரும்பாலான வகுப்புகள் வீட்டு முன்னறையிலோ மொட்டைமாடி ஷீட்டுக் கொட்டகையிலோதான் நடக்கின்றன. வழவழப்பான டைல்ஸும் கிரானைட்டும் வேர்த்த காலுக்கு வழுக்கும். வெறும் சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டினால் குதிகாலுக்கு அடி நேராக ஏறும். பவானி ஜமுக்காளத்தை டைல்ஸ் மேல் விரித்திருந்தால் உட்காரச் சுகமாக இருக்கும், குதித்தால் மடிந்து நகர்ந்து ஆளைத் தள்ளிவிடும். ஒன்றோடொன்று பொருத்தும் ரப்பர் பாய் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே போதும். பொருத்திய இடம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று மட்டும் காலால் தடவிப் பாருங்கள். ஷீட்டுக் கொட்டகை என்றால், சித்திரை மாதச் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாடி என்றால் படிக்குக் கதவு இருக்கிறதா, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலி ஏதும் கிடக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

அடுத்தது சத்தம். ஸ்பீக்கர் ஓடும்போது, ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அது பிள்ளைகளின் காதுக்கு அதிகம். முதல் நாள் அழுகிற பிள்ளைகளில் நிறையப் பேர் டீச்சரைப் பார்த்து அழுவதில்லை, ஸ்பீக்கரைக் கேட்டு அழுகிறார்கள். ஒலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆள் கணக்கும் பாருங்கள். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரு பெரியவர், அந்த வயதுக்கு மேல் என்றால் ஆறேழு பேருக்கு ஒருவர் என்று இருந்தால் நிம்மதி. இருபது பிள்ளைகளுக்கு ஒரே டீச்சர் என்றால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மேய்ப்பதிலேயே நேரம் போய்விடும். கழிப்பறை எங்கே, பிள்ளையை யார் கூட்டிப் போவார்கள் என்று நேராகக் கேளுங்கள். இது கூச்சப்படுகிற விஷயமே இல்லை. வகுப்பு வீடியோவை ஸ்டேட்டஸில் போடுவார்களா, உங்களிடம் கேட்டுவிட்டுப் போடுவார்களா என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.

பணத்தில் சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம், சீருடை, ஆண்டுவிழா மேடைக் கட்டணம், மேடை உடை வாடகை, மேக்கப் என்று ஆறு தலைப்பு உண்டு. தனித்தனியாகக் கேளுங்கள். வருடக் கட்டணத்தை ஒரே தவணையாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் இறங்க வேண்டாம். நாலு வகுப்புக்கு மட்டும் கட்ட முடியுமா என்று கேட்டால் நிறைய டீச்சர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

நேரம் கேட்கும்போது பிள்ளையின் தூக்கத்தை வைத்துக் கேளுங்கள். ஒரு மணி முதல் மூன்று மணி வரை தூங்கும் பிள்ளையை மூன்றரை மணி வகுப்புக்கு இழுத்துப்போனால் மூன்று நாளும் அழுகைதான். காலை பத்து மணியோ, சாயங்காலம் அஞ்சு மணியோ சரியாக வரும்.

வீட்டில் ஒரு வாரம்

ஆட்டம் பிள்ளைக்குப் புதிதல்ல. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கையூன்றித் தலையசைப்பதைச் செங்கீரைப் பருவம் என்றும், இரு கையும் சேர்த்துத் தட்டுவதைச் சப்பாணிப் பருவம் என்றும் பிள்ளைத்தமிழ் வகுத்து வைத்திருக்கிறது. நடக்கும் முன்பே சாய்ந்தாடியும் கைவீசியும் தொடங்கிவிட்ட வேலைதான் இது. வகுப்பில் புதிதாக இருப்பது, வேறொருவர் சொல்லும்போது தொடங்குவதும் சொல்லும்போது நிறுத்துவதும். வீட்டில் பழக்க வேண்டியதும் அதுவே.

பாட்டை ஓடவிட்டு எல்லோரும் நடங்கள். நிறுத்தியதும் சிலை மாதிரி நில்லுங்கள். அஞ்சு நிமிஷம் போதும். அப்பாரும் சேர்ந்து நின்றால் பிள்ளைக்குக் கொண்டாட்டம். அடுத்து வட்டமாகக் கைகோத்து நடப்பது. கூட்டமாகக் கைகோத்துப் பழகாத ஒற்றைப் பிள்ளைக்கு, தெரியாதவர் கையைப் பிடிப்பதே முதல் நாளில் பெரிய தடை. மூன்றாவது, வெறுங்காலோடு நிற்பது. எப்போதும் சாக்ஸும் ஷூவுமாக இருக்கும் பிள்ளை குளிர்ந்த தரையில் கால் வைக்க மறுக்கும். மார்கழியில் பொள்ளாச்சிப் பக்கம் காலையில் கேட்கவே வேண்டாம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கை தூக்குவதையும், "ஒன்னுக்கு வருது" என்று வாய்விட்டுச் சொல்வதையும் பழக்கிவிடுங்கள். வீட்டில் செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறீர்கள் என்றால் அதை டீச்சரிடம் சொல்லுங்கள். 'தங்கம்' என்றே மூன்று வருடம் கேட்டு வளர்ந்த பிள்ளை, வருகைப் பதிவில் உள்ள பெயருக்குத் திரும்பாது.

கோவையில் இருப்பவர்கள் ஒரு நாள் பேரூர் பட்டீசுவரர் கோயிலுக்குக் கூட்டிப் போய்வரலாம். மேலைச் சிதம்பரம் என்று சொல்லப்படும் அந்தக் கோயிலின் கனகசபைத் தூண்களில் ஆடுகிற சிவனின் சிலைகள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. "சாமி எந்தக் காலைத் தூக்கியிருக்குது கண்ணு?" என்று கேட்டால் பிள்ளை தானே காலைத் தூக்கிப் பார்க்கும்.

வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்லி வைக்காதீர்கள். "நீ பெரிய டான்ஸர் ஆகப்போறே" என்றால் பிள்ளைக்குப் புரியாது. "ஒழுங்கா ஆடோணும்" என்றால் பயம் வந்துவிடும். "ஒரு அக்கா வீட்டுக்குப் போறோம், பாட்டுப் போடுவாங்க, பார்த்துட்டு வரலாமுங் சாமி" என்பது போதும்.

கிளம்பும் நாள்

வகுப்புக்கு ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு முன் லேசாக ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும்: ஒரு இட்லி, அரை வாழைப்பழம், கொஞ்சம் கம்மங்கூழ். வயிறு முட்டச் சாப்பிட்டுக் குதித்தால் வாந்தி. பசியோடு போனால் இருபதாவது நிமிஷம் அழுகை. கடலை மிட்டாயும் வறுத்த கடலையும் பையில் வேண்டாம். நாலு வயதுக்குள் முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உண்டு, வாயில் போட்டுக்கொண்டு குதிக்கும் பிள்ளைக்கு இன்னும் அதிகம்.

உடை பருத்தி பனியன் துணியில், முட்டியைப் பிடிக்காத லெக்கின்ஸும் இடுப்பு வரை வரும் சட்டையுமாக இருக்கட்டும். திருப்பூரை வைத்துக்கொண்டு நாம் நைலானைத் தேடிப் போக வேண்டியதில்லை. பட்டுப்பாவாடையைப் போட்டு அழகு பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். குனிந்து எழும்போது அதன் ஓரத்தை மிதித்துக் குப்புற விழும் பிள்ளைகளை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கண்ணாடி வளையல் எதுவும் வேண்டாம். கொலுசு போட்டிருந்தால் முத்துகள் கெட்டியாக இருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். கழன்ற முத்து நேராக வாய்க்குத்தான் போகும். விளக்கு எரியும் ஹேர்பேண்டும் வளையலும் அறவே கூடாது. அவற்றுக்குள் இருக்கும் வட்டப் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

டயாப்பர் போடுவதா? இன்னும் பழக்கத்தில் இருந்தால் புதிதாக மாற்றிப் போடுங்கள். கனத்துப்போன டயாப்பரோடு குதிக்கும் பிள்ளை தொடையை அகட்டித்தான் நடக்கும். பையில் ஒரு மாற்று உடை, உள்ளாடை இரண்டு, தண்ணீர், சின்னத் துண்டு, வீட்டில் தூங்கும்போது வைத்துக்கொள்ளும் பொம்மையோ துணியோ ஒன்று. அவ்வளவே.

ஸ்கூட்டியில் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். சிங்காநல்லூரிலிருந்து ஆர்.எஸ்.புரம் போகிற தூரத்தில் பிள்ளை முன்னால் நின்றபடியே தூங்கிவிடும். எழுப்பி உடனே உள்ளே விட்டால் அழும். தூங்கி விழித்த பிள்ளை சமநிலைக்கு வர இருபது நிமிஷம் வேண்டும், அந்தக் கணக்கில் கிளம்புங்கள். இல்லாவிட்டாலும் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும். காலி அறையில் பிள்ளை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடியைத் தொட்டு, கழிப்பறையைப் பார்த்துவிட்டு வந்தால், பிறகு ஒவ்வொருவராக வரும் பிள்ளைகளை அது வரவேற்கும். நிறைந்த அறைக்குள் கடைசியாக நுழையும் பிள்ளைக்கோ எல்லாக் கண்ணும் தன்மேல் இருப்பதாகத் தோன்றும்.

உள்ளே என்ன நடக்கும்

இரண்டு வயதுக்காரர்களுக்கு அரை மணி நேரம், மூன்று நான்கு வயதுக்கு முக்கால் மணி நேரம் போதும். ஒரு விளையாட்டில் அவர்கள் நிலைப்பது மூன்று முதல் ஐந்து நிமிஷம். நல்ல டீச்சர் அதற்குள் அடுத்ததுக்குத் தாவிவிடுவார். இதைப் பார்த்து "ஒண்ணையும் முழுசாச் சொல்லித்தர மாட்டேங்கறாங்க" என்று நினைக்க வேண்டாம்.

முதல் ஐந்து நிமிஷம் வட்டமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து பெயர் சொல்வதும் கைதட்டுவதும். பரதநாட்டியம் சார்ந்த வகுப்பு என்றால் தட்டிக்கும்பிடுவதும், பூமியைத் தொட்டு வணங்குவதும் இருக்கும். அப்புறம் உள்ளங்கால் இரண்டையும் சேர்த்து முட்டியை ஆட்டும் பட்டாம்பூச்சி, கையை நீட்டி மரம், குனிந்து யானைத் தும்பிக்கை என்று உடம்பை இளக்குவார்கள். பிறகு அறைக்கு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவது: தவளையாக, மயிலாக, ரயில்பெட்டியாக. பெரும்பாலான பிள்ளைகள் முதன்முதலில் சேர்ந்துகொள்வது இந்த ரயிலில்தான். அதனால், சுவரோரம் இருக்கும் பிள்ளையை மெல்ல எழுப்பி விடுவதென்றால் அப்போது விடுங்கள்.

அதன் பின் தாளம். டீச்சர் தட்டுக்கழியால் மனையில் தட்ட, பிள்ளைகள் கால் தட்டுவார்கள். யாருடைய தட்டும் யாரோடும் சேராது. சின்னப் பிள்ளைகளின் இயல்பான தாளம் பெரியவர்களுடையதைவிட வேகமானது; மெதுவான தட்டுக்காகக் காத்திருக்க அவர்களுக்கு இன்னும் வராது. அனுபவமுள்ள டீச்சர் முதலில் பிள்ளையின் கால் போகும் வேகத்துக்குத் தான் கழி தட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வேகத்துக்கு இழுப்பார். "தாளமே வரலையே" என்று வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்வதால் பயன் இல்லை.

கைமுத்திரை சொல்லித்தந்தால் எளிதானது எது, கடினமானது எது என்று தெரிந்திருப்பது உதவும். இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டைவிரலை ஆட்டும் மீன், ஐந்து விரலையும் கூப்பிய மொட்டு, விரித்த பூ ஆகியவை மூன்று வயதுக்கு வரும். நாலு விரலையும் சேர்த்து நிறுத்திக் கட்டைவிரலை மடக்கும் பதாகம் பார்க்க எளிது, ஆனால் விரல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். மோதிரவிரல் நுனி கட்டைவிரலைத் தொடும் மயூரம் இன்னும் ஒரு வருடம் கழித்து வரட்டும். விரலைப் பிடித்து மடக்கி வைக்காதீர்கள். வலித்தால் கையையே தரமாட்டார்கள்.

இடது வலது அவர்களுக்குத் தெரியாது. எதிரே நிற்பவரைக் கண்ணாடி போலப் பார்த்துச் செய்வார்கள். ஆகவே டீச்சர் "வாசல் பக்கம் கை, ஜன்னல் பக்கம் கை" என்று சொன்னால் அவருக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்று அர்த்தம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டு "இது உங்க வீடு" என்று நிறுத்துவதும் அப்படிப்பட்ட நல்ல அடையாளம்.

கடைசி ஐந்து நிமிஷம் துண்டையோ பட்டுத்துணியையோ வீசி இஷ்டத்துக்கு ஆடுவதும், படுத்து மூச்சு வாங்குவதும், வணக்கம் சொல்வதும். அழுது முடித்து, கடைசி ஐந்து நிமிஷத்துக்கு மட்டும் உள்ளே வந்த பிள்ளையும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வகுப்பின் முடிவு அதற்கு நல்லபடியாக நினைவில் தங்கும்.

எங்கே சிக்கல் வரும்

அழுகை. முதலில் காரணம் பாருங்கள்: சத்தம், பசி, தூக்கம், ஒன்னுக்கு, பிரிவு. இந்த ஐந்தில் ஒன்றாகவே இருக்கும். வெளியே தூக்கிவந்து இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீர் கொடுத்து, திரும்பக் கதவருகே மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். நேராக வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால், அழுதால் போய்விடலாம் என்பதுதான் அன்றைய பாடம் ஆகும். இரண்டு தடவை முயன்றும் அடங்காவிட்டால், டீச்சருக்குக் கைகாட்டிவிட்டு அமைதியாகக் கிளம்புங்கள். படியில் வைத்துத் திட்டாதீர்கள்.

பெற்றோர் வெளியே இருக்கும் வகுப்பு என்றால், பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப் போகவே கூடாது. திரும்பிப் பார்த்து அம்மாவைக் காணாத பிள்ளை, அடுத்த வாரம் முழு வகுப்பும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். "அம்மா அந்தத் திண்ணையில உக்காந்திருக்கறேன், வணக்கம் சொன்னதும் வந்துருவேன்" என்று ஒரே தடவை சொல்லி, உங்கள் கைக்குட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன இடத்திலேயே இருங்கள்.

ஓட்டம். பெரிய காலி அறையைப் பார்த்தால் ஓடத்தான் தோன்றும். வகுப்புக்கு முன் பத்து நிமிஷம் வெளியே ஓடவிட்டால் உள்ளே குறையும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 180 நிமிஷம் ஓடியாடும் நேரம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வாரத்தில் முக்கால் மணி நேர வகுப்பு அதில் ஒரு துளிதான்; மீதியைத் தோட்டமும் தெருவும் தூரியும் (ஊஞ்சலும்) தர வேண்டும்.

தள்ளுவது, அடிப்பது, கண்ணாடி முன் நிற்கும் இடத்துக்குச் சண்டை போடுவது எல்லாம் வரும். மன்னிப்புக் கேட்க வற்புறுத்தி நேரத்தைக் கழிக்காமல், பிள்ளையை எடுத்து வேறு இடத்தில் நிறுத்துங்கள். ஈரமாக்கிவிட்டால் சத்தமில்லாமல் துடைத்து மாற்றுங்கள். வழுக்குவதால் உடனே துடைப்பது அவசியம்.

மிகப் பெரிய சிக்கல் பெற்றோரின் போன். போனைத் தூக்கிப் பிடித்ததும் பிள்ளை டீச்சரை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கும். "ஆடு கண்ணு, டீச்சரைப் பாரு" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான்; இரண்டு குரல் கேட்டால் இரண்டையும் விட்டுவிடும். கூட ஆடும் வகுப்பில் நீங்கள் வாயை மூடிக்கொண்டு நன்றாக ஆடுங்கள், போதும். கடைசி இரண்டு நிமிஷம் படம் எடுத்துக்கொள்ளலாம்.

தாம்பூலமும் சலங்கையும்

பரதநாட்டிய டீச்சரிடம் சேர்க்கும்போது, அதிலும் விஜயதசமி அன்று என்றால், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, தேங்காய், ஒற்றைப்படையாக ஒரு தட்சிணை வைத்துப் பிள்ளை கையால் கொடுப்பது வழக்கம். தேங்காய் வைத்த தட்டைச் சின்னக் கை தாங்காது. நீங்கள் கீழே பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளை ஓரத்தைத் தொட்டால் போதும். காலில் விழ மறுத்தால் தலையை அமுக்கவேண்டாம்; கைகூப்பினால் போதும் என்று நல்ல டீச்சர் தாமே சொல்லிவிடுவார்.

சலங்கை வாங்க அவசரம் வேண்டாம். அடிப்படை ஆட்ட அசைவுகளான அடவுகள் கற்று, சலங்கை பூஜை செய்து, டீச்சர் கையால் வாங்கிக் கட்டுவது அந்த மரபு. அதற்குப் பல வருடம் இருக்கிறது. கனமான சலங்கை சின்னக் கணுக்காலை இழுக்கும், கால் தூக்கும் விதமே மாறிவிடும்.

கும்மிக் களம்

இன்னொரு வழியும் நம் பக்கம் இருக்கிறது. வள்ளி முருகன் கதையைப் பாடிக் கைதட்டி ஆடும் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கும் ஊர்களில், கோயில் முன் காலியிடத்தில் பொழுது சாய்ந்தபின் அம்மாக்களும் அக்காக்களும் வட்டமாக நின்று பழகுகிறார்கள். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் எம். பத்ரப்பன், ஆண்கள் ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். 2024-ல் பத்மஸ்ரீ பெற்றார். அம்மா கும்மி பழகுகிற வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணமில்லாத முதல் வகுப்பு அந்தக் களம்தான்.

ஆனால் இடம் பார்த்து விடுங்கள். கும்மியில் முன்னே இரண்டடி வைத்துக் குனிந்து தட்டி, பின்னே வந்து திரும்புவார்கள். பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளை யார் கண்ணுக்கும் தெரியாது, மிதிபடும். மூன்று வயதுக்காரரை வட்டத்துக்கு வெளியே, தள்ளிப் பாய் போட்டு ஆத்தா மடியருகே உட்காரவைத்துக் கைதட்ட விடுங்கள். ஸ்பீக்கருக்கும் ஜமாப் மேளத்துக்கும் எதிர்ப்பக்கமாக அந்தப் பாய் இருக்கட்டும். நாலு, அஞ்சு வயதானால் பிள்ளைகள் மட்டும் சேர்ந்து உள்ளே ஒரு சின்ன வட்டம் கட்டலாம். எட்டு மணிக்குத் தூங்கும் பிள்ளையை எட்டு மணிக்குள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும், பாட்டு பாதியில் இருந்தாலும்.

நாலு வகுப்பு வரை

முதல் வகுப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நாலு வகுப்பு வரை பாருங்கள். ஒவ்வொரு வாரமும் அழுகை கொஞ்சம் குறைகிறது, வீட்டில் ஏதாவது ஒரு அசைவு வெளியே வருகிறது, போகலாம் என்றால் செருப்பைத் தேடுகிறது என்றால் தொடருங்கள். நாலாவது வாரமும் அன்றைக்குக் காலையிலிருந்தே சாப்பிட மறுத்து அழுதால், ஆறு மாதம் விட்டுவிட்டு மறுபடி முயலலாம். டீச்சர் கழியை ஓங்கிப் பயமுறுத்தினாலோ, காலை அழுத்தி உட்காரவைத்தாலோ, உடம்பைப் பற்றிக் கேலி பேசினாலோ நாலு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் "இன்னிக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டால் பதில் வராது. "தவளை எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். ஒரம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கும்போது நடுக்கூடத்தில் நிறுத்தி ஆடிக்காட்டச் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் வகுப்பில் கால் எழாமல் போவதற்கு அது ஒன்றே போதும்.

காய்ச்சலோ, சளியோ, கையிலும் வாயிலும் கொப்புளமோ இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் உருள்கிறார்கள். டீச்சருக்கு ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். இரண்டாவது வகுப்புக்குப் போகும்போது முதல் நாள் போட்ட அதே உடையைத் துவைத்துப் போட்டுவிடுங்கள். அதே நேரத்துக்குக் கிளம்பி, அதே சுவரோரம் போய் உட்காருங்கள். போன வாரம் பார்த்த ரயில் எப்போது வரும் என்று பிள்ளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.